மலையேறும் பழைய கார்

கார் மூன்று வழிகளில் மூப்படைகிறது. ஓடும்போது உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது. ஓடினாலும் நின்றாலும் காற்றின் ஈரம் இரும்பைத் துருவாக்குகிறது. வெப்பம் ரப்பரையும் எண்ணெயையும் மெல்லச் சிதைக்கிறது. முதல் மூப்பைக் கிலோமீட்டர் மீட்டர் சொல்லும். மற்ற இரண்டையும் நாட்காட்டிதான் சொல்லும். இருபது வருடத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டரே ஓடிய வண்டியை "அதிகம் ஓடாத வண்டி" என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவது இந்த இரண்டாவது கணக்கில்தான்.

இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் சோதித்துவிடும் ஊர் கள்ளக்குறிச்சி. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான இப்பகுதியின் கிழக்கே கரும்பும் நெல்லும் விளையும் வெப்பச் சமவெளி; மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை. சின்ன கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சாலை பெரிதாக ஏறுவதில்லை. கோமுகி அணைப் பக்கம் மலை தொடங்கியதும் வெள்ளிமலை வரை ஏற்றமும் வளைவும்தான். சமவெளியில் முணுமுணுக்காமல் ஓடும் பழைய வண்டி, தன் குறைகளை இந்த ஏற்றத்தில் வரிசையாகச் சொல்லிவிடும்.

சொந்தக் கையால் பராமரிக்கப்படும் பழைய காருக்கு மாருதி 800 நல்ல எடுத்துக்காட்டு. 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 650 கிலோ எடை. பானட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலானவை கைக்கும் எட்டும். கடைசியாக வெளிவந்த வண்டிகளும் பத்தாண்டைக் கடந்துவிட்டன. இங்கே சொல்லப்படும் இயற்பியலும் வேதியியலும் அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் அதே வயதுடைய மற்ற கார்களுக்கும் பொருந்தும்.

ஏற்றத்தின் வெப்பக் கணக்கு

ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார், அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்ளலாம். அந்த எடையை மேலே தூக்க மட்டும் சுமார் 59 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 320 லட்சம் ஜூல் இருக்கிறது. ஆனால் அதில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே சூடான புகையாகப் போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு, இன்ஜினைச் சுற்றி ஓடும் நீருக்கு வருகிறது. ஆக, உயரத்துக்காக மட்டும் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் எரிகிறது. அதிலிருந்து நீருக்கு வரும் வெப்பம் சுமார் 78 லட்சம் ஜூல். வெளியேற வழியில்லாமல் போனால் அந்த வெப்பம் மூன்று லிட்டர் நீரை முழுக்க ஆவியாக்கிவிடும். சிறிய காரின் குளிர்விப்பு அமைப்பில் உள்ள நீரே ஏறத்தாழ அவ்வளவுதான்.

சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மலையில் இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகம். இன்ஜின் முழுமூச்சில் உழைக்கிறது, காற்றோ வருவதில்லை. அப்போது முழுப் பொறுப்பும் ஃபேனுடையது. அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டில் சுற்றும். மாருதி 800இல் மின்மோட்டாரில் சுற்றும். ரேடியேட்டர் நீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் ஒரு வெப்ப ஸ்விட்ச் அந்த மோட்டாரை இயக்குகிறது. கீழே ஊருக்குள் ஓடும்வரை ஃபேன் செத்துக் கிடப்பதே பலருக்குத் தெரியாது.

சோதிக்கும் முறை எளிது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, வெப்பமுள் பாதியைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். ஃபேன் தானாகச் சுற்றி, சூட்டைக் குறைத்து, தானாக நின்றால் நலம். சுற்றவில்லையென்றால் இன்ஜினை அணைத்து, வெப்ப ஸ்விட்ச்சின் வயர்களைக் கழற்றி, சாவியைப் போட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்ப்பது வழக்கம். அப்போது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் பழுது. அப்போதும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியும் உப்புத் தண்ணீரும்

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். நீர் சீக்கிரம் கொதிக்கும். 800 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். காரில் அப்படி நடக்காமல் தடுப்பது ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, அதே உயரத்தில் கொதிநிலையை 117 டிகிரிக்கு அருகே உயர்த்தும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ இந்த இருபது டிகிரிப் பாதுகாப்பு போய்விடும். "தண்ணீர் கொதிக்கிறது" என்று ரேடியேட்டரையே மாற்றிய பல வண்டிகளில் கெட்டிருந்தது மூடி மட்டும்தான்.

சூடான ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதே அழுத்தம்தான். உள்ளே 110 டிகிரியில் திரவமாகவே அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் 97 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிச்ச வெப்பம் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 24 மில்லிலிட்டரை உடனே ஆவியாக்கும். கேட்கச் சிறிய அளவுதான்; ஆனால் அது 40 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவியாக விரிந்து, கொதிநீரையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். வண்டியை ஓரங்கட்டி, ஏசியை அணைத்து, அரைமணி நேரமாவது ஆறவிட்ட பிறகே மூடியில் கை வைக்கலாம். பச்சைத் தண்ணீரைச் சூடான இன்ஜின்மேல் ஊற்றுவதும் கெடுதி. பல பழைய இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும். திடீர்க் குளிர்ச்சியில் ஹெட் வளையும்; இரண்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட் விட்டுக்கொடுக்கும். ஆயில் குச்சியில் மோர் நிறத்தில் குழம்பு ஒட்டினாலோ, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, அது ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளம். அதற்குமேல் வண்டியை ஓட்டினால் செலவு பல மடங்காகும்.

எந்த நீரை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது கால்சியம் கார்பனேட். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதுவே படிகிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றினால் படிவு வராது. துருத் தடுப்பும் கிடைக்கும். கொதிநிலையும் சற்று உயரும். கூலண்டில் உள்ள துருத் தடுப்பான்கள் ஓரிரண்டு வருடங்களில் தீரத் தொடங்கும். நிறம் மங்கிச் செம்மண் கரைசல்போல ஆனால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வடித்து, நல்ல நீரால் இரண்டு முறை அலசி, புதிதாக நிரப்ப வேண்டும். வடித்த கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் ஆடும் நக்கிவிடாதபடி அதை மூடி அப்புறப்படுத்த வேண்டும்.

ஊசித்துளை ஒழுகலுக்கு லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவார்கள். இது வெறும் நம்பிக்கை இல்லை. மஞ்சளில் உள்ள மாவுச்சத்துத் துகள்கள் வெந்நீரில் ஊதிப் பசையாகி, நீர் கசியும் துளையில் போய் அடைகின்றன. ஆனால் துளையை அடைத்த அதே பசை, நல்ல குழாய்களையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர உதவுமே தவிர, அது பழுது பார்த்ததாகாது.

மெல்லிய காற்றும் கரும்பு எத்தனாலும்

800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏழெட்டுச் சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளியில் அளந்து வைத்த ஜெட் துளை வழியே ஏறத்தாழ அதே பெட்ரோலை விட, கலவை செறிவாகிறது. இழுவை குறைந்து, புகை கறுக்கும். 2000ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகளில் சென்சார்கள் காற்றை அளந்து பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் இந்த இழப்போடு, செம்மண் தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் சேர்ந்துகொண்டால் வண்டி மூச்சுத் திணறும். ஃபில்டரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. மலையில் உடனே வித்தியாசம் தெரியும்.

உள்ளே நடக்கும் எரிதலைக் காட்டும் கண்ணாடி ஸ்பார்க் பிளக். நல்ல ஓட்டத்துக்குப் பின் கழற்றிப் பார்த்தால், பீங்கான் முனை வெளிர் பழுப்பாக இருப்பது சரியான கலவை. அடுப்புக்கரிபோல உலர்ந்த கறுப்பு, பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு வெளுப்பு, பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. பிசுபிசுத்த எண்ணெய்க் கறுப்பு, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்ததன் அறிகுறி. மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் குறை அந்தச் சிலிண்டரில். மூன்றும் ஒன்றுபோல் மாறியிருந்தால் கார்புரேட்டரிலோ ஏர் ஃபில்டரிலோ தேட வேண்டும்.

எரிபொருளே மாறிவிட்டது என்பது அண்மைக்காலச் சிக்கல். கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வடிக்கலாம். பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2022இல் எட்டியது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பரவலாகிவிட்டது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை உள்ள மாவட்டத்தில் இந்த வேதியியல் அந்நியமானது அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 சதவீதக் கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீத ஆற்றல் குறைகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டரின் கலவை சமவெளியில் மெலிகிறது.

இதைவிட முக்கியம், எத்தனால் பழைய ரப்பரை ஊதவைப்பதும் ஈரத்தை இழுப்பதும். பழைய பெட்ரோல் ஹோஸ் முதலில் உப்பி மென்மையாகும், பிறகு வெடிக்கும். விரலால் வளைத்தால் விரிசல் தெரிந்தாலும், தொட்ட விரலில் பெட்ரோல் வாசம் ஒட்டினாலும், அன்றே மாற்ற வேண்டும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குவது நல்லது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் இழுத்த ஈரம் தொட்டியின் அடியில் பிரிந்து தங்கி, உள்ளிருந்தே துருவேற்றும். இருபது நாளுக்கு ஒரு முறையாவது வண்டியை ஓட்டி, புது எரிபொருள் போடுவதே இதற்கு மருந்து.

எரிபொருள் தொடர்பாகச் சாலையோர வைத்தியங்கள் இரண்டு உண்டு. தொட்டி ஒழுகினால் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைப்பது ஒன்று. சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் உப்பு. நீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. அதனால் மழை வரும்வரை அது நிற்கும். மற்றது, அம்பாசிடரின் பெட்ரோல் பம்ப் மீது ஈரத்துணி சுற்றுவது. இன்ஜின் பக்கத்தில் இருக்கும் பம்ப் சூடேறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, இழுக்கத் திரவம் இல்லாமல் வண்டி நின்றுவிடும். ஈரத்துணியின் நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே விதியால்தான்.

இறக்கமும் பிரேக்கும்

ஏறும்போது சேமித்த 59 லட்சம் ஜூல், இறங்கும்போது திரும்ப வந்தாக வேண்டும். டயர் உராய்வும் காற்றுத் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பாதி பிரேக்குக்கு வந்தாலும், அது ஒரு லிட்டருக்கு மேல் நீரை முழுக்க ஆவியாக்கும் வெப்பம். இதில் பெரும்பகுதியை இன்ஜினிடம் ஒப்படைப்பதே மலை ஓட்டுநரின் பழைய பாடம்: ஏறிய கியரிலேயே இறங்கு. கால் எடுத்த இன்ஜின், மூடிய வாயில் வழியே காற்றை இழுக்கப் போராடி, வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கினால் முழு வெப்பமும் பிரேக்குக்கே போகும். சாவியையும் அணைத்தால் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் மிதி கல்லாகும். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

சூடேறிய பிரேக் இரண்டு வகையில் கைவிடும். கால் வழியே அவற்றைப் பிரித்தறியலாம். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால், பேடும் ஷூவும் சூட்டில் பிடிமானம் இழந்துவிட்டன. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பிடிப்பு திரும்பும். மிதி பஞ்சுபோல அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால், குழாய்க்குள் ஆவி உண்டாகியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலின் விசை அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மூன்றாவதாக, வண்டி நிற்கும்போதே மிதித்த கால் மெல்லத் தரைக்கு இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் கசிகிறது. இதற்குச் சூடு காரணமில்லை. அந்த வண்டி மலைக்குப் போகவே கூடாது.

ஆவி உண்டாவதற்குக் காரணம் பிரேக் ஆயில் குடித்த நீர். பெயர் ஆயில் என்றாலும் அது கிளைக்கால் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். 3.7 சதவீத நீர் சேர்ந்த நிலையில் அந்த அளவுகோல் 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155. ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கையில், மற்றவர் சக்கரத்தருகே. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். பிளீடர் நிப்பிளில் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிட வேண்டும். "அமுக்கு" என்றதும் மேலே இருப்பவர் மிதியை மூன்று நான்கு முறை அடித்துக் கடைசியில் அழுத்திப் பிடிப்பார். "பிடி" என்று சொல்லிக் கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். குழாயில் கறுத்த திரவமும் குமிழிகளும் ஓடும். மிதி தரை தொடும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். முன்கூட்டியே காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறி, முழு வேலையும் வீணாகும். நிறம் தெளிந்து குமிழி நிற்கும்வரை இதையே திரும்பச் செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். இடையிடையே மேலே உள்ள டப்பாவில் திரவம் தீராமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். பெயின்ட்டில் சிந்தினால் அது பெயின்ட்டை உரித்துவிடும். உடனே நீரால் கழுவ வேண்டும். டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

துருவும் ரப்பரும்

கள்ளக்குறிச்சியில் கடற்காற்று இல்லை. ஆனால் சக்கர வளைவுக்குள் அப்பிய செம்மண் சேறு மழைக்குப் பின் நாட்கணக்கில் ஈரம் காக்கும். டிக்கியில் உர மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு இன்னொரு கேடு உண்டு. பொட்டாஷ் உரம் என்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிந்திய குளோரைடு, கடல் உப்புபோலவே துருவை வேகப்படுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் முதலில் கொப்பளிக்கிறது. கதவின் அடி விளிம்பு, மிதியடிக்குக் கீழுள்ள தரைத்தகடு, பேட்டரித் தட்டு, ஸ்டெப்னிக் குழி ஆகிய நான்கும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுவது செலவில்லாத துருத் தடுப்பு.

மேலோட்டமான துருவை உப்புத்தாளால் தேய்த்து, துரு மாற்றி தடவி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடித்தால் போதும். துரு மாற்றியில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். டானின், இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து கருநீலக் கறுப்பான நிலையான சேர்மமாகிறது. கல்வராயன் மலையில் விளையும் கடுக்காயில் நிறைந்திருப்பதும் டானின்தான். கடுக்காய்த் தண்ணீர் பட்ட அரிவாள் கறுத்துப்போவது இதே வினையால். ஆனால் ஸ்குருடிரைவரால் குத்தினால் முனை உள்ளே இறங்கும் அளவு துரு இருந்தால் பட்டி வைத்து மூடுவது ஏமாற்று. சஸ்பென்ஷன் பொருந்தும் இடமோ தரையின் தாங்கியோ அப்படி இருந்தால், வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்டிங் செய்வதே வழி.

ரப்பரின் எதிரிகள் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பொது விதிப்படி, நிழலில் நிற்கும் வண்டியின் ரப்பர் வெயிலில் நிற்பதைவிட நெடுநாள் உழைக்கும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்ற வேண்டும் என்பது தேய்மானக் கணக்கு. ஆழம் நிறைய இருந்தும் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல்கள் ஓடினால் அது வயதுக் கணக்கு. மாருதி 800இல் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். அது மூடிக்குள் இருப்பதால் முன்னறிவிப்புக் கண்ணில் படாது. கையேடு சொல்லும் கிலோமீட்டர் வருமுன்னே வயது முடிந்திருந்தாலும் மாற்றிவிடுவதே அறிவு.

செல்ஃப் எடுக்காத காலை

12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு சிறு அறைகளின் வரிசை. முழுச் சார்ஜில், இரவு முழுக்க ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையே இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர், பேட்டரி போனதா, சார்ஜிங் போனதா என்ற சண்டையை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும்.

இரண்டும் நன்றாக இருந்தும் செல்ஃப் "டக்" என்று மட்டும் சொன்னால் டெர்மினலைப் பார்க்க வேண்டும். வெண்பச்சைப் பூஞ்சைபோல் படியும் உப்பு, வெறும் 0.02 ஓம் தடை கொடுத்தாலும் போதும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கையில் அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். விளக்குக்கு வேண்டிய சில ஆம்பியரில் இந்த இழப்பு தெரியாது. அதனால்தான் விளக்கு பிரகாசமாக எரிய, வண்டி மட்டும் கிளம்பாது. சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாசலின் தடவினால் சரியாகும். கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். முதலில் பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பேட்டரி விடும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். வயல் ஓரம் நிற்கும் வண்டியில் வயர் கடிக்கும் எலியும் மின்பழுதுக்குக் காரணம். பானட்டுக்குள் கூடு கட்டிய வைக்கோலும் நெல் உமியும் அதன் முதல் தடயம்.

எதுவரை சொந்தக் கை

ஆயில், ஃபில்டர், பிளக், கூலண்ட், பெல்ட், பேட்டரி, பல்பு, பிரேக் பேட், ஹோஸ் இவையெல்லாம் ரிங் ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் தாங்கிகளும் இருந்தால் வீட்டு வாசலில் முடியும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. வண்டிக்கு அடியில் போகுமுன் இரும்புத் தாங்கிகள் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். சரிவில் ஜாக்கி போடவே கூடாது; மலையில் பஞ்சர் ஆனால் சமதளம் வரும்வரை மெல்ல உருட்டிப் போவதில் டயர் போனாலும் பரவாயில்லை. வடித்த கறுப்பு ஆயிலைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் வொர்க்ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும். ஹெட் கேஸ்கட், கியர்பாக்ஸ், வெல்டிங், வீல் அலைன்மென்ட் ஆகியவை மெக்கானிக்கின் எல்லை. கருவியும் அளவும் இல்லாமல் அவற்றில் இறங்குவது சிக்கனம் ஆகாது.

சட்டத்தின் சோதனையும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனை (எஃப்சி) முடித்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. எஃப்சி காட்டப் போகுமுன் பிரேக், விளக்கு, ஹாரன், டயர், துரு, புகை ஆறையும் வீட்டிலேயே பார்த்துவிட்டால் இரண்டாம் நடை மிச்சம். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. அதைத் தாண்டினால் பெரும்பாலும் காரணம், முன்பே பார்த்த செறிவான கலவையும் அடைத்த ஏர் ஃபில்டரும்தான்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் வைக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டம்: ஒன்றில் கிலோமீட்டர், மற்றதில் தேதி. பேடும் கிளட்ச் பிளேட்டும் முதல் கட்டத்தைப் பார்த்து மாறும். பிரேக் ஆயிலும் கூலண்டும் டயரும் ஹோஸும் இரண்டாவது கட்டத்தைப் பார்த்து மாறும். இன்ஜின் ஆயிலுக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் இரண்டில் எது முதலில் வருகிறதோ அது.